இனம் என்ற கட்டம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதியது பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தைத் துண்டிக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். உனக்குப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் அண்ணி படித்துக் காட்டட்டும்.

சாம்பல் கடித்துவிட்டது. நீ விற்ற ஆறு குட்டிகளில், என் மருத்துவமனை மேசைக்கடியில் புட்டிப்பால் குடித்து வளர்ந்ததே, அதுதான். வாங்கிய நர்சம்மா இரண்டாம் மாடியில் தனியாக இருப்பவர். அது கதவின் கீழ்ப்பலகையைப் பிறாண்டியே பெயர்த்திருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். மணிக்கட்டில் ஒன்பது தையல். அந்தக் கையோடு அதையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கொஞ்சம் ஓநாய் ரத்தம் இருக்கு, அதனாலதான் விசுவாசம் அதிகம்னு உங்க அண்ணன் சொன்னாரும்மா. அட்டையில நாய்னுதானே போட்டிருக்கீங்க? எதும்மா நிஜம்?”

தடுப்பூசி அட்டையில் ‘இனம்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ‘நாய்’ என்று இருக்கிறது. நீ பக்கத்தில் நின்று, “எழுதும்மா, அப்பன் நாய்தானே” என்று சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே ஆறு அட்டையிலும் எழுதினேன். அந்தத் தப்பை உன் தலையில் கட்டவில்லை. அது என்னுடையது.

ஆனால் சட்டம் இதுதான். கடித்தது ஊசி போட்ட நாய் என்றால் பத்து நாள் கண்காணித்து விட்டுவிடலாம். ஓநாய்க் கலப்பு என்றால் அந்த ஊசியை நம்ப முடியாது, பத்து நாள் கணக்கும் செல்லாது. கொன்று, வெறிநோய் இருக்கிறதா என்று மூளையைச் சோதிக்க வேண்டும்.

மற்ற ஐந்தும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன? முகவரி அனுப்பு. கொல்வதற்கல்ல. அவர்களிடம் உண்மையைச் சொல்ல, வேலியை உயர்த்தச் சொல்ல. ஒரு வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதாம், அண்ணி சொன்னார்.

உன் தங்கை


மார்ச் 5

குட்டிக்கு,

எனக்கே படிக்கத் தெரியும். உன் அண்ணியை இதில் இழுக்காதே.

எல்லாவற்றையும் மறந்துவிட்டாய். மூடிப்போன அந்த மிருகக்காட்சிசாலையில் கூண்டுகளை அறுத்து எடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கடைசிக் கூண்டில் அவள் கிடந்தாள், எலும்பும் தோலுமாக ஒரு பெண் ஓநாய். முதலாளி, “கூண்டோட சேத்து எடுத்துக்கப்பா” என்றான், ஓநாயை இல்லை, ஓட்டை வாளியைச் சொல்வது போல. தூக்கி வந்தது யார்? என் பட்டறைத் தரையில் உட்கார்ந்து அவளுக்குக் குளுகோஸ் ஏற்றியது யார்? “பொழைச்சிருச்சுண்ணா” என்று அழுதது யார்? அப்போது உன் சட்டம் எங்கே போயிருந்தது?

என் நாயோடு அவள் சேர்ந்தது நான் திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஆறு உயிர் பிறந்தது. ஆற்றில் வீசியிருக்க வேண்டுமா? நாயெல்லாம் எங்கிருந்து வந்ததாம், வானத்திலிருந்தா? என்றைக்கோ ஒருத்தன் ஓநாயை வீட்டுக்குள் விட்டதால்தானே வந்தது.

நர்சம்மா ஊசி போட்டுக்கொள்ளட்டும். நீ நாய் என்று எழுது. ஒரே வார்த்தை. ஏற்கெனவே ஆறு தடவை எழுதிய வார்த்தை. பத்து நாள் கழித்து நானே வந்து கூட்டிப் போகிறேன். யாரும் சாக வேண்டாம்.

முகவரி தர மாட்டேன். ஊர் ஊராகப் போய் என் பெயரை நாறடிக்கத்தானே கேட்கிறாய்?

அண்ணன்


மார்ச் 7

அண்ணனுக்கு,

அவளைக் காப்பாற்றியதற்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டவள் நான். இப்போதும் கும்பிடுவேன். முதல் ஈற்று தற்செயல், சரி. போன வாரம் அவள் கூண்டுக் கதவைத் திறந்து நாயை உள்ளே விட்டது யார்? அதுவும் தற்செயலா? ‘ஓநாய்க் குட்டி’ என்று நாலு பேர் பட்டறை வாசலில் வந்து நின்றதும் உனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவுதான்.

என்றைக்கோ ஒருத்தன் செய்தான் என்கிறாய். அவனுக்குப் பின்னால் எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆயிற்று. நீ ஒரே பருவத்தில், தகரக் கொட்டகைக்குள் முடிக்கப் பார்க்கிறாய்.

சாம்பலைப் பார்க்க ஒருமுறையாவது வந்திருக்கலாம். என் மருத்துவமனைக் கூண்டைத் திறந்தால் மூலைக்கு ஓடி நடுங்குகிறது. மூடினால் ஆள் வேண்டுமென்று ஊளையிடுகிறது. ஓநாய்க்கு மனிதனை விட்டு ஓடத் தெரியும். நாய்க்கு அருகில் வரத் தெரியும். இதற்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. அந்த அவஸ்தை நீயும் நானும் கொடுத்தது.

நாய் என்று எழுதிப் பத்து நாள் காத்திருக்கிறேன் என்றே வை. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாமல் போனால்? அது திரும்பவும் யார் கையைக் கடிக்கும்? உன் பேரைக் காப்பாற்ற நான் இன்னொரு தடவை பொய் எழுத மாட்டேன். நாளை மறுநாள் காலை உண்மையை எழுதுகிறேன். பழைய ஆறு அட்டைகளைப் பற்றியும் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு நானே தெரிவிக்கிறேன்.

தங்கை


மார்ச் 8

இதை உன் அண்ணி கையில் கொடுத்தனுப்புகிறேன். சாம்பல் உன் விரலைச் சப்பித்தான் உயிர் பிழைத்தது. ஊசியை எடுத்தால் நீ என் தங்கை இல்லை.


மார்ச் 15

அண்ணா,

முடிந்தது. மார்ச் 9, காலை பத்து மணி. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு நானே செய்தேன்.

கடைசியில் என் கையை நக்கியது என்று எழுதினால் எனக்கு அழ வசதியாக இருக்கும். நக்கவில்லை. பல்லைக் காட்டியது. யாரென்று தெரிந்துதான் காட்டியது.

இன்று முடிவு வந்தது. நோய் இல்லை. ஒரு துளியும் இல்லை. நாய் என்று எழுதியிருந்தால் இந்நேரம் உன்னோடு வந்திருக்கும். இதை நீ என்னிடம் கத்துவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன்மேல் கோபம். என்மேல் அதைவிட. முதல் நாளே நான் உண்மையை எழுதியிருந்தால் அந்தக் குட்டிகளை நீ விற்றிருக்கவே முடியாது, சாம்பலும் மாடி வீட்டுக்குப் போயிருக்காது.

விசாரணை முடியும்வரை நான் தடுப்பூசி அட்டையில் கையெழுத்திடக் கூடாதாம். மற்ற வேலை செய்யலாம்.

ஐந்து முகவரி. கோபத்தோடுதான் கெஞ்சுகிறேன். அந்தக் குழந்தை தவழ்வதை விட்டு நடக்க ஆரம்பித்திருக்கும்.

தங்கை


மார்ச் 24

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட ஐந்து முகவரிகளும் பின்பக்கத்தில் உள்ளன. ஐந்து வீட்டுக்கும் எட்டடி கம்பி வேலி என் பட்டறையிலிருந்து போகும், நானே போய் நட்டுத் தருவேன். நீங்கள் எந்த நாளில் போகிறீர்கள் என்று என் மனைவியிடம் சொன்னால் போதும். அந்த நாளில் நான் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை என்னிடமுள்ள பெண் விலங்குக்குக் கருத்தடை அறுவை செய்ய வேண்டும். வயிற்றில் குட்டி தங்கியிருந்தாலும் நிறுத்த வேண்டாம். என் மனைவி கொண்டுவருவார். படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். இனம் என்ற கட்டத்தில் ஓநாய் என்று நானே எழுதிவிட்டேன், நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை.

சாம்பலின் கழுத்துப்பட்டை உங்களிடம் இருந்தால் அன்று கொடுத்தனுப்பவும். அதன் கொக்கி என் கையால் அடித்தது.

இப்படிக்கு,
விலங்கின் உரிமையாளர்