ஆந்தைத் தலை ஊசியும் என் கட்டைவிரலும்

சான் ரமோன்,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள ஹம்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவின் முழங்காலையும் என் தைரியத்தையும் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். எடின்பரோவின் குளிரிலும் காற்றிலும் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீநிவாஸும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். கிரீஷுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார், அதனால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறோம். மாட்டுப்பெண் மானஸா கொல்லையில் வைத்த கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. அம்மா அதற்குப் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போர்த்தியிருக்கிறாள், அது என்னுடையது. வீடியோவில்தான் பார்த்துக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். வீடியோவில் நான் தொடங்குவதை அம்மா முடித்துவிடுவாள். அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழையா என்று கேட்டுவிடுகிறேன். போன ஞாயிறும் அப்படித்தான் ஆயிற்று. விஷயம், என் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய ஆந்தைத் தலை ஊசியைப் பற்றியது. பதற வேண்டாம், தொலைந்துபோகவில்லை. வரிசையாகப் போனால்தான் எனக்குச் சொல்ல வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இந்தத் தொப்பி ஊசிப் பித்து எனக்கு வந்த கதை உனக்குப் பாதி தெரியும். நாற்காலி வாங்கலாம் என்று வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றுத் தீர்க்கும் ஒரு எஸ்டேட் சேலுக்கு கிரீஷ் அழைத்துப்போனான், நான் நாற்காலியை விட்டுவிட்டு ஒரு ஊசியோடு வந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கத்திய பெண்கள் பெரிய தொப்பிகளைக் கொண்டையோடு சேர்த்துக் குத்தி நிறுத்திய ஊசி அது. சாண் நீளக் கம்பி, அதன் தலையில் முத்தோ வெள்ளிப் பூவோ பறவையோ ஏதாவது ஒன்று இருக்கும். இதில் போலி அதிகம். பழைய கோட்டுப் பொத்தானையும் ஜோடி தொலைந்த காதணியையும் கம்பியில் ஒட்டி, பாட்டன் காலத்துச் சரக்கு என்று விற்றுவிடுவார்கள். தலையும் கம்பியும் சேரும் கழுத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். உலோகத்தால் பற்றவைத்திருந்தால் நம்பலாம், பசை வழிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் நூலகத்தில் புதன்கிழமைதோறும் கூடும் ஊசிக் குழுவில் கற்றுக்கொண்டது. குழுவில் எல்லோரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். தலைவி கேரல், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் உள்ளே போனாலே வகுப்புக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி உணர்வேன். முதல் சில வாரங்கள் வணக்கம் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை கேரல் யானைத் தந்தத்தின் நிறத்தில் ஓர் ஊசியைச் சுற்றுக்கு விட்டாள். அந்தக் காலத்தில் தந்தத்துக்குப் பதிலாக செல்லுலாய்ட் என்ற ஆதிகாலப் பிளாஸ்டிக்கில் செய்வார்கள், அதைத் தயாரிக்கக் கற்பூரம் சேர்ப்பார்கள், ஆகையால் விரலால் சூடு வரத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், இன்றைய பிளாஸ்டிக்கில் வராது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, வேதியியலும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த அறையில் யாருக்கும் கற்பூரம் எப்படி வாசனை அடிக்கும் என்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருத்தி இருமல் தைலம் என்றாள், இன்னொருத்தி அத்தையின் அலமாரி என்றாள். ஊசி என்னிடம் வந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன், மோந்தேன், ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் ஹம்சா, அன்றிலிருந்து நான் பெரிய மனிதன். எந்த ஊசி வந்தாலும், ராம் மோந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்பார்கள். கேரலுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கென்று ஆயிற்று. திருச்சிக் கல்லூரியில் அத்தனை வருஷம் வேதியியல் நடத்தியபோது கடைசி பெஞ்சு என் குரலைக் கேட்டதேயில்லை. இங்கே நான் மூச்சை இழுத்தால் ஓர் அறையே மௌனமாகக் காத்திருந்தது. இத்தனை மாதங்களில் நான் மோந்த தந்த நிற ஊசி ஒன்றுகூடப் போலியாக இருக்கவில்லை. அது விசித்திரம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பெண்களுக்கு நல்ல ரசனை என்றுதான் தோன்றியது.

அப்புறம் உன் ஆந்தை வந்தது. ஆந்தையையா பிறந்த நாளுக்கு அனுப்புவாள் என்று அம்மா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். நான் தேய்த்து மோந்தேன், மணக்க மணக்கக் கற்பூரம். உன் ஆந்தைக்கு மட்டும் லென்ஸை எடுக்கவில்லை. குழந்தை ஆசையாக அனுப்பியதை லென்ஸ் வைத்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று பட்டது. நூலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் ஊசிக் கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள், உன் ஆந்தையை நடுவில் வைப்பதென்று கேரல் தீர்மானித்தாள். செல்லுலாய்ட் ஆந்தை, எடின்பரோ ஹம்சாவின் பரிசு, சோதித்து உறுதிசெய்தவர் பேராசிரியர் ராம் என்று அட்டையும் அச்சாகிவிட்டது.

இந்த அட்டையை அம்மாவிடம் படித்துக் காட்டியதுதான் நான் செய்த தவறு, அல்லது நல்ல காரியம், இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் மோர் கரைத்துக்கொண்டிருந்தாள். ‘எதைத் தொட்டாலும் கற்பூரம்ங்கறேள். இந்தா, இந்தத் தயிர் ஸ்பூனையும் மோந்து பாருங்கோ’ என்று பிளாஸ்டிக் கரண்டியை நீட்டினாள். கேலிக்குத்தான் சொன்னாள். நான் தேய்த்தேன். கற்பூரம். டிவி ரிமோட்டைத் தேய்த்தேன், கற்பூரம். மூக்குக்கண்ணாடிக் கூடு, மானஸாவின் சீப்பு, எல்லாம் நூறு வருஷப் பழசு. கிரீஷ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு வந்து, ‘அப்பா, என் ஆபீஸ் பேட்ஜையும் செக் பண்ணிடுங்கோ, ஆன்டிக்கா இருந்தா ரிட்டயர் ஆயிடறேன்’ என்றான். விஷயம் இதுதான். புகைக்கு ஸ்மோக் அலாரம் அலறாமலிருக்க, தினமும் காலைப் பூஜையில் கற்பூர வில்லையைக் கடுகளவாக நான்தான் கட்டைவிரலால் நசுக்கி உடைக்கிறேன். ஆரத்தி எடுத்த கையைக் கழுவும் வழக்கமும் இல்லை, அதே கையோடு புதன்கிழமை காரில் ஏறிவிடுவேன். சோதனைக்கு முன்னால் ஒன்றுமில்லாத குழாயை வைத்து ஒரு வெற்றுச் சோதனை செய்து பார் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை விரட்டியவன் நான். அந்த வெற்றுச் சோதனையை என் வீட்டில் தயிர் ஸ்பூனால் உன் அம்மா செய்தாள்.

அதற்கப்புறம் எனக்கு மோர் இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் பொய் அட்டையைப் பள்ளிக்கூடக் குழந்தைகள் படிப்பார்கள். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும். இந்த ஊரில் கிரீஷின் அப்பா என்பதைத் தவிர எனக்கு இருந்த ஒரே பதவி அது. அம்மா முதலில், ‘யாருக்குத் தெரியப்போறது, விட்டுத்தள்ளுங்கோ’ என்றாள். மறுநாளே, ‘சொல்லித் தொலைச்சுட்டு வாங்கோ, நீங்க விடற பெருமூச்சுல எனக்குத் தூக்கம் போறது’ என்றாள். கிரீஷ் கொண்டுபோய் விட்டான், பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், அவன் பாட்டை நிறுத்தினான்.

உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். பூஜை, வில்லை, அலாரம், தயிர் ஸ்பூன், எல்லாம். கேரல் எழுந்து வந்து, உன் விரலைக் கொடு என்றாள். என் கட்டைவிரலை மோந்தாள், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மோந்தாள், ஓ, இதுதான் கற்பூரமா என்றாள். உடனே மற்றவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள் ஹம்சா. பெட்ஸி என்று ஒரு அம்மாள், ஒவ்வொரு முறையும் நிச்சயமில்லை என்று திரும்ப வரிசையின் கடைசிக்குப் போனாள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என்னைச் சுவரோரமாக உட்காரவைத்து, எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, கெட்டிலில் வெந்நீர் வைத்து ஒவ்வொரு ஊசியின் தலையையும் முக்கி அவர்களே மோந்தார்கள். வாசனை இப்போது அவர்களுக்குத் தெரியுமே. கேரலின் தாயார் வைத்திருந்த ஊசி தேறியது, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பாதிக்குமேல் தேறவில்லை. உன் ஆந்தை கடைசியாக வந்தது. வெந்நீரில் முக்கினார்கள், வாசனை ஒன்றும் வரவில்லை. தூக்கினால் கம்பி மட்டும் வந்தது. கழுத்துப் பசை இளகித் தலை கழன்று கோப்பைக்குள் மிதந்தபடி எங்களையே பார்த்தது. கேரல் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், பெட்ஸியால் முடியவில்லை, அப்புறம் யாராலும் முடியவில்லை, என்னாலும்.

இதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு. நீ ஆசையோடு தேடி வாங்கியது போலிதான் ஹம்சா, ஏமாந்தது நீ மட்டுமில்லை. அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன், கேரல் விடவில்லை. போலிகளுக்கென்று கீழே ஒரு தட்டு ஒதுக்கி, தலையையும் கம்பியையும் தனித்தனியாகப் படுக்கவைத்து, பசை தெரியும்படி லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, அந்தத் தட்டுக்கு என்னையே பொறுப்பாக்கிவிட்டாள். கண்காட்சி நடக்கிறது. மேல்தட்டை எல்லோரும் மரியாதையாகப் பார்த்துவிட்டு நகர்கிறார்கள், கீழ்த்தட்டில்தான் கூட்டம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள், நான் வெந்நீர்க் கதையைச் சொல்கிறேன். குரல் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை. உன் பெயரை மட்டும் புது அட்டையில் போடவில்லை. போடலாமா என்று ஒரு வார்த்தை சொல், வருத்தமாக இருந்தால் வேண்டாம்.

இரவில் ஹீட்டரை அணைத்துச் சிக்கனம் பிடிக்காதே, மாப்பிள்ளைக்குச் சளி என்றாயே, மிளகு ரசம் வைத்துக் கொடு. ஆந்தையை உனக்கு விற்ற அந்தச் சந்தைக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதே. இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக, நிறைவாக இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கீழ்த்தட்டில் இன்னும் இடம் இருக்கிறது. அடுத்த பிறந்த நாளுக்கும் தயவுசெய்து அதே கடையிலேயே வாங்கு.

உன் நலமே நினைக்கும் அப்பா,
ராமசுப்ரமணியன்