நான் போட்ட ஐந்து

செவ்வாய், இரவு

தமிழர்களிடம் கருத்துக் கேட்க எங்கள் நகரக் கவுன்சில் இன்று கூட்டம் வைத்தது. ஊழியராக நானும் போனேன்.

"கவுண்டரில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே, ஏன்?" என்று வென்ட்வேர்த்வில் பகுதியிலிருந்து வந்த அங்கிள் ஒருவர் கேட்டார். எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

போன மாதம் அந்தக் கவுண்டர் வேலைக்கான நேர்முகத்தில் சுகந்தி என்ற தமிழ்ப் பெண்தான் திறமாகப் பதில் சொன்னாள். என்னோடு நேர்முகம் நடத்திய மற்ற இருவரும், வெள்ளைக்காரர்கள், அவளுக்குப் பத்துக்கு எட்டு போட்டார்கள். தன் ஆளைத் தூக்கிவிடுகிறாள் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் நான் ஐந்து போட்டேன். அதனாலேயே வேலை வேறொருத்திக்குப் போனது.

இன்று சுகந்தியும் வந்திருந்தாள். எழும்பி என்னைக் காட்டினாள்.

"இந்த அக்கா எனக்காகக் கதைச்சிருப்பா. மற்ற ரெண்டு பேரும்தான் விட்டிருக்க மாட்டினம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.