சித்ரா பௌர்ணமியன்று நிறைவேறாமல் போன ஒப்படைப்பு உத்தரவு

அனுப்புநர்:
சு. தசரதன் (வயது 50),
கூட்டுறவுத் தணிக்கை ஆய்வாளர்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: என் மகள் எழிலரசியை (வயது 8) அவள் தாயிடம் ஒப்படைக்குமாறு பெங்களூரு குடும்ப நல நீதிமன்றம் எனக்கு இட்ட உத்தரவை நிறைவேற்ற உதவி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தசரதன் ஆகிய நான், எனக்கு எதிரான ஓர் உத்தரவை நிறைவேற்ற உதவி வேண்டி இம்மனுவை அளிக்கிறேன். என்னிடம் வளரும் மகள் இனி பெங்களூருவில் பணிபுரியும் தாய் அருணாதேவியிடம் வளர வேண்டும், மாதம் ஒருமுறை நான் பார்க்கலாம் என்பது உத்தரவு. மேல்முறையீடு செய்யும் எண்ணம் எனக்கில்லை.

2. ஒப்படைக்கும் இடம் பெரிய கோயில் ராஜகோபுர வாசல், நாள் 12.05.2025 காலை, உள்ளூர்க் காவலர் முன்னிலையில் எனக் குறிக்கப்பட்டது. இருவருக்கும் தெரிந்த இடம் என்று வழக்கறிஞர்கள் சொன்னது அது. அன்று சித்ரா பௌர்ணமி என்பதை நீதிமன்றத்தில் எவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்து என் வழக்கறிஞருக்கு எழுதினேன். நீதிமன்றக் கோடை விடுமுறையில் தேதியை மாற்ற இயலாது என்றார்.

3. மகளோடும் அவள் துணிப்பையோடும் கோபுர வாசலில் நின்றேன். பாதுகாப்புப் பணியிலிருந்த காவலரிடம் உத்தரவைக் காட்டினேன். அவர் கூறியதை அவ்வாறே தருகிறேன்: "சார், காணாமப் போன புள்ளைங்கள தேடவே எங்களுக்கு ஆளு பத்தல. பத்திரமா இருக்கிற புள்ளைய எதுக்கு சார் இங்க இட்டாந்தீங்க?" அவரை நான் குறை கூறவில்லை.

4. அருணாதேவி வந்த பேருந்து செங்கம் சாலையில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டது. கிரிவலக் கூட்டம் முழுவதும் எதிரே வந்ததால் அவரால் ரமணாசிரமத்தைத் தாண்ட இயலவில்லை. கைபேசித் தொடர்பும் கிடைக்கவில்லை. அங்கிருந்த உதவி மையத்தில் அவர் முறையிட, தொலைந்த குழந்தைகளின் பெயர்களோடு என் மகள் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. என் கையைப் பிடித்திருந்த மகள், "அப்பா, நான் காணாமப் போயிட்டனா?" என்று கேட்டாள்.

5. கூட்டம் போகும் திசையிலேயே நடந்திருந்தால் அந்த மையத்தை அடைந்திருப்பேன். உத்தரவில் குறித்த இடத்தை விட்டு அகல்வது மீறலாகுமோ என்று இருட்டும்வரை அங்கேயே நின்றேன். அருணாதேவி ஊர் திரும்பிவிட்டார். மறுநாள் தொலைபேசியில், "பொண்ணு பேர மைக்ல கேட்டும் நகரலீங்களா? கூட வாழ்ந்தப்பவும் இப்படித்தாங்க நின்னீங்க" என்றார். இது உத்தரவுக்குத் தொடர்பற்றது எனினும் முழுமைக்காகப் பதிகிறேன்.

6. இப்போது, குழந்தையை நான் வேண்டுமென்றே மறைத்ததாகவும், மாதம் ஒருமுறை பார்க்கும் உரிமையை ரத்து செய்யக் கோரப்போவதாகவும் அவரது வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியுள்ளார். காவல் நிலையத்தில் விசாரித்தேன். வேற்று மாநில உத்தரவு இங்குள்ள நீதிமன்றம் வழியாகவே வர வேண்டும் என்றனர். அவ்வாறு விண்ணப்பிக்க வேண்டியவர் குழந்தையைப் பெற வேண்டியவரே என்கிறார் என் வழக்கறிஞர். ஒப்படைக்க விரும்புகிறவன் எங்கு விண்ணப்பிப்பது என எவருக்கும் தெரியவில்லை. நானே அழைத்துச் சென்றால், மாநில எல்லையில் அது கடத்தலாகக் கருதப்படுமா என்பதும் விளங்கவில்லை. பையிலுள்ள துணிகளை எடுத்து அடுக்கலாமா என்று மகள் தினமும் கேட்கிறாள். ஆம் என்பதா, இல்லை என்பதா?

7. எனவே, ஒப்படைப்பின்போது உடனிருக்க ஓர் அலுவலரை அனுப்புமாறும், இயலாதெனில் நான் மறுக்கவில்லை என்பதையேனும் எழுத்தில் பதிவு செய்து தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், வரும் ஞாயிறு 25.05.2025 காலை மகளுடன் பெங்களூரு பேருந்தில் ஏறுவேன். உத்தரவு குறித்த இடம் அதுவல்ல என்பதை அறிவேன். அருணாதேவி வீட்டுக் கதவைத் தட்டி, எழிலரசியை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 19.05.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சு. தசரதன்

இணைப்பு: உத்தரவு நகல், வழக்கறிஞர் அறிவிப்பு நகல்.