ஓடாத ஹெட்போனும் ஒரு பஸ் நிறையக் காதுகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போய், கையை உதறிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். ஆனாலும் இந்த வயதில் என் மகளுக்கு என் கையால் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு சிரிப்பாக வருகிறது. அம்மா இப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தாள். "எழுத்தா இது, எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எழுதப் படிக்கப் போகிறேனே, அந்த முதியோர் வகுப்புப் பாடம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே நினைக்கட்டும். ஏனென்றால் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை, பேனாவைத்தான் திறந்திருக்கிறேன். விஷயம் இதுதான், நீ திரும்பி வரப்போவதில்லை என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பதறாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு, திட்டுவதற்கு நிறைய இருக்கிறது.

எல்லாம் அந்த ஹெட்போனால் வந்த வினை. எனக்கு எழுத்து தெரியாத காலத்தில் நீ எதையும் பேசிப் பேசியே போனில் அனுப்பி என்னைப் பழக்கிவிட்டாய், இப்போது படிக்கத் தெரிந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டில் கேட்கலாம் என்றால் அம்மா இருக்கிறாள், வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் கேட்கலாம் என்றால் மெஷின் போடும் இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்காது. மிச்சம் இருப்பது பஸ்தான். போனைக் காதில் வைத்தால் இத்தனை வருஷ இரைச்சலில் கெட்டுப்போன காதுக்கு எட்டுவதில்லை, சத்தமாக வைத்தால் பஸ்ஸுக்கே கேட்கிறது. உன் கதையைத் தொடர்கதை மாதிரி கேட்டுக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் நான் ஏறியதும் டிரைவர் "என்ன பெரியவரே, உங்க பொண்ணுக்கு அந்தச் சளி விட்டுச்சா" என்று கேட்டார். அதை நான் உன்னிடம் பெருமையாகச் சொல்லப்போக நீ கோபித்துக்கொண்டாய். "நான் பேசறது உங்களுக்கா, பஸ்ஸுக்காப்பா? முதல்ல ஒரு ஹெட்போன் வாங்குங்க, அதுக்கப்புறம்தான் முக்கியமான விஷயம் சொல்வேன்" என்று போட்டாய் ஒரு பூட்டு. நீயே வாங்கி அனுப்புகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன், நீ அனுப்பினால் என் சம்பளத்தை விழுங்குகிற விலையில் ஏதாவது அனுப்புவாய், அதைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் தூங்க முடியுமா. சரி, நீ சொன்னது என்ன, சின்னதாக, காது மேலே உட்காருகிற மாதிரி, மடிக்கிற மாதிரி, விலை குறைவாக. சொல்வதற்கு எவ்வளவு சுலபம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட நான் இத்தனை அலையமாட்டேன்.

கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தொங்குகிறது. காதுக்குள் செருகுகிற அவரை விதை மாதிரி ஒன்றை எடுத்துக் கடைக்காரர் என் காதில் வைத்தார். நான் தலையைத் திருப்பினேன், அது உருண்டு போய் அவருடைய டீ டம்ளருக்குள் விழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அடுத்த கடைக்கு நடந்தேன். அங்கே காதையே மூடுகிற பெரிய சட்டி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அந்த மாதிரி வேண்டவே வேண்டாம் என்றேன், கூடத்தில் துணி மடிக்கிறவன் ஒருநாள் அவனுடையதைக் கொடுத்து மாட்டிப் பாருங்கள் என்றான், மாட்டினேன், வெளியுலகமே நின்றுபோன மாதிரி இருந்தது, நிறுத்தத்தின் பெயரைக் கூவியது கேட்காமல் பஸ் போய்ப் படுக்கும் ஷெட் வரைக்கும் போய்விட்டேன். வியர்வை வேறு. நாள் பூரா நீராவியில் வேகிற மனிதனுக்கு வீடு திரும்பும்போதாவது காது ஆற வேண்டாமா. அந்தக் கடைக்காரர் விடவில்லை, "இதுல பேஸ் அதிரும் சார், நெஞ்சுக்குள்ள இடிக்கும்" என்றார். ஏன் தம்பி என் நெஞ்சில் இடிக்க வேண்டும், என் மகள் பேசப்போகிறாள், அவ்வளவுதான் என்றேன். ஒயர் உள்ளது விலை குறைவு, ஆனால் அது பஸ் கம்பியில் மாட்டி யாராவது இழுத்தால் என் தலையும் சேர்ந்து இறங்கிவிடும், அதுவும் போகட்டும், நம் போனில் அதைச் செருக ஓட்டையே இல்லை. ஓட்டையை எதற்கு அடைத்தார்கள் என்று கேட்டால் அதுதான் புதுசாம்.

கடைசியில் மூன்றாவது கடையில் ஒரு பெட்டி. பெட்டியில் இருந்ததை நானே படித்தேன். உனக்குத் தெரியுமா, இத்தனை நாள் பெட்டி என்றால் எனக்குப் படம் மட்டும்தான், இப்போது அது வாயாடுகிறது. மடிக்கலாம், எடை குறைவு, துணி மெத்தை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வேலை வாரம் முழுக்க வரும் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். "பெரியவரே, மிச்சத்த வீட்டுல போய்ப் படிங்க, நான் கடை சாத்தணும்" என்றார். படிக்கட்டுமே, காசு கொடுக்கிறவன் படிக்காமல் யார் படிப்பது. தலையில் வைத்துப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடியின் காம்பைப் போட்டு நெரிக்கவில்லை, காதின் மேல் இரண்டு அடை வைத்த மாதிரி லேசாக உட்கார்ந்தது, தெருவில் ஹாரன் அடித்ததும் கேட்டது. இதுதான் என்று வாங்கிவிட்டேன். அந்த விலைக்கு மஞ்சள் நிறம் மட்டும்தான் இருந்தது, பழுத்த எலுமிச்சை மாதிரி மஞ்சள். அம்மா பார்த்துவிட்டு "ரோடு போடுற இடத்துல நிறுத்தி வச்சா வண்டியெல்லாம் ஒதுங்கிப் போகும்" என்றாள். வாங்கும்போதே போனோடு இணைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன், கடைக்காரரே இணைத்துக் கொடுத்தார், பொத்தானையும் காட்டித்தான் கொடுத்திருப்பார், என் கவனம் பெட்டியில் இருந்தது.

மறுநாள் காலையில் நீ அனுப்பிய முக்கியமான விஷயம் வந்திருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன், ஹெட்போனை விரித்துத் தலையில் இறக்கினேன், போனில் உன் குரலைத் தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டேன். என்ன தெளிவு! கொடுத்த காசுக்குப் பழுதில்லை என்று நினைத்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், மஞ்சளைப் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ சொன்னது உனக்குத் தெரியும், இருந்தாலும் பஸ் கேட்டபடி எழுதுகிறேன். "அப்பா, ஹெட்போன் மாட்டிட்டீங்கல்ல? பக்கத்துல யாரும் இல்லல்ல? நான் திரும்பி வரலப்பா. இங்க லிஃப்ட் ரிப்பேருக்கு ஒரு குழுவையே என் கையில குடுத்திருக்காங்க, இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மா எனக்காகப் பின் ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களாமே. என்னால சொல்ல முடியல. நீங்கதான் பக்குவமா சொல்லணும்." நான் உருகிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திறந்தால் பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் இருந்து ஒருவர் "விடுங்க பெரியவரே, வேலைய விட்டுட்டு வந்து இங்க என்ன பண்ணப்போவுது" என்கிறார். காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாள் "அதுக்காக மூணு வருஷமா? பெத்தவகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்று அவரிடம் சண்டைக்குப் போகிறாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்போது நம் தெருத் தையல்கார அம்மாள் எழுந்து வந்து, என் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கி, "அண்ணே, இது ஓடவே இல்ல, உங்க சட்டைப் பைதான் பேசிக்கிட்டு இருக்கு!" என்றாள்.

எங்கள் கூடத்து இஸ்திரி மெஷினில் மூடியை இறக்கினால் போதும், அதுவே ஓட ஆரம்பிக்கும், பொத்தான் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இதுவும் தலையில் இறங்கினால் தானாக ஓடும் என்று இருந்துவிட்டேன். சிரிக்காதே. சிரிக்கிற நேரமா அது, அந்தத் தையல்கார அம்மாள்தான் உன் அறை ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணிகிட்ட நான் சொல்ல மாட்டேண்ணே. ஆனா சாயந்தரம் திரை வாங்க வருவாங்க, என் வாய் சும்மா இருந்தாலும் என் மூஞ்சி சும்மா இருக்காது. இப்ப நான் தைக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். என் நிறுத்தம் வந்ததும் இறங்கி நடந்துவிட்டேன். அன்று முழுக்க ஒரே படுக்கை விரிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றேன், அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தையைக் கோத்துக் கோத்துப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அவள் தையல் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் போய்விட வேண்டும் என்று முன்னதாகவே அனுமதி கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன்.

அம்மா பின் அறையில் ஜன்னல் கண்ணாடியில் தெறித்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்குவமாவது ஒன்றாவது, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "எப்ப சொன்னா" என்றாள். காலையில் என்றேன். "எங்க வச்சுக் கேட்டீங்க" என்றாள். பஸ்ஸில் என்றேன். திரும்பினாள் பார், "பஸ்லயா? யார் யார் கேட்டா?" என்றாள். மறைக்கத் தெரிந்தால் நான் ஏன் இந்த நிலைமையில் இருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்துக்கொண்டாள். "காய்கறிக்காரிக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், திரை தைக்கிறவளுக்குத் தெரியும், வயித்துல சுமந்தவளுக்குக் கடைசியிலதான் தெரியணுமா? அப்படி என்கிட்ட என்ன பயம் அவளுக்கு, நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள். நீ வரமாட்டாய் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து "குடுங்க, நானே கேக்கறேன்" என்று கையை நீட்டினாள். இந்தத் தடவை பொத்தானை அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நானே அவள் தலையில் மாட்டிவிட்டேன். அவள் சுரண்டுகிற தகட்டைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓரிடத்தில் சிரித்தாள். அதன் பிறகு நானும் பல தடவை போட்டுக் கேட்டுவிட்டேன், சிரிக்கிற மாதிரி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் "இன்னொரு தடவ வைங்க" என்றாள். அதற்கப்புறம் தையல் வீட்டுக்குப் போய், திரையைத் தைக்கச் சொல்லிவிட்டு வந்தாள், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெயில் வரத்தானே செய்யும் என்றாளாம்.

இப்போது என் எரிச்சலெல்லாம் உங்கள் இருவர் மேலும்தான். இந்த வாரம் நீ கூப்பிட்டாய். அவள் முழங்காலைப் பற்றிப் பேசினாள், நீ மழையைப் பற்றிப் பேசினாய், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள், தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அந்த விஷயத்தின் பக்கம் இரண்டு பேரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீயாகச் சொல்வாய் என்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், போனை வைத்ததும் "பாத்தீங்களா, இன்னிக்கும் சொல்லல" என்றாள். நடுவில் நான் தூணுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டின பூனை மாதிரி நின்றேன். ஒரு வீட்டில் ஒரு போன், அதில் உனக்கு ரகசியம் சொல்ல வழியில்லை, கடிதம்தான் சத்தம் போடாது என்று எழுதுகிறேன். அம்மாடி, லிஃப்ட் நடுவழியில் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்வது உன் வேலை என்று நீதானே சொன்னாய். உன் அம்மாவிடம் பேச என்ன தயக்கம். எனக்கு அனுப்பி அவளிடம் சொல்லச் சொல்லாதே, அவளுக்கென்றே ஒன்று பேசி அனுப்பு, முதல் வார்த்தையே "அம்மா" என்று இருக்கட்டும். ஹெட்போன் இப்போது என்னிடம் இல்லை, அன்றிலிருந்து அவள்தான் வைத்திருக்கிறாள், நான் வெறும் காதோடு பஸ்ஸில் போய் வருகிறேன், டிரைவருக்கு என்னைவிடக் கவலை.

உன் குழு உன் சொல் கேட்டு நடக்கட்டும், நீ ஏறுகிற உயரமெல்லாம் பத்திரமாக இறங்கி வா, பல்லாண்டு நன்றாக இரு. இடுப்பில் அந்தப் பாதுகாப்பு வாரைக் கட்டாமல் எதிலும் ஏறாதே, அவசரம் என்று யார் சொன்னாலும். அடுத்த வாரம் லீவு நாளில் கட்டாயம் மறுபடி எழுதுவேன், ஆனால் அதற்குள் நீ பேசிவிடு. இதை எழுதும்போது அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அந்த மஞ்சளைத் தலையில் மாட்டிக்கொண்டு. விளக்கு எரிகிறது, போனில் எதுவும் ஓடவில்லை. என்ன கேக்குற என்று கேட்டேன். சார்ஜ் எத்தனை நேரம் நிக்குதுன்னு பாக்கறேன் என்கிறாள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா