பிணம் எழுந்து கத்திய வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

சுடலைமாடன் காவலில் இங்கே நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை ஒரகடம் மைதானத்தில் பேரிடர் ஒத்திகை. வந்திருந்தவர்கள் இலங்கை, நேபாள மீட்புப் படையினர், நம் படையினர், அடிபட்டவர்களாக நடிக்க எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர். திட்டாதீர்கள், எனக்குப் பிண வேஷம். கையில் கறுப்பு அட்டை கட்டி, பேசக்கூடாது என்றார்கள்.

லேசான காயத்துக்குப் பச்சை அட்டை கட்டியிருந்த பக்கத்து வீட்டு மதிவதனி பொத்தென்று விழுந்தாள். "சூப்பரா நடிக்குது பா!" என்று கைதட்டினார்கள். அவளும் நானும் ஆடி வெள்ளி விரதம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

"யக்கா, நீ செத்துட்ட, படு!" என்றார் நம் படை வீரர் ஒருவர்.

"நெசம்! நெசமாவே மயங்கிட்டா!" என்று கத்தினேன்.

இலங்கைப் படையின் தலைவருக்குத் தமிழ் தெரியும், ஓடி வந்தார். நேபாள மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார். பிழைத்தாள்.

இனி ஒத்திகையில் உண்மையாக ஆபத்து வந்தால் மூன்று நாட்டுப் படையும் கத்த வேண்டிய சொல் 'நெசம்' என்று மாலையில் முடிவெடுத்தார்கள். நேபாளத்துப் பிள்ளைகள் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகினார்கள் அம்மா!

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். இவர் கம்பெனியில் ஓ.டி. வேலை முடிந்து வந்ததும் தூங்கிவிடுகிறார், இந்தக் கதையை முழுசாகக் கேட்க ஆளில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

மகள் முத்துச்செல்வி