நீ சிரிக்கிற கதை

நேற்று செங்கல்பட்டு மின்சார ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண் கொய்யாக்காயில் மிளகாய்ப்பொடி தடவிக் கடித்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், "வாடி, எடம் போட்டு வெச்சிக்கீறேன்" என்று நீ கூவுவது கேட்டது. புதுப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக ஆடி அசைந்து வந்தாலும், செங்கல்பட்டுக்காரியான எனக்கு முன்பே நீ ஏறியிருப்பாய். தாம்பரத்தில் கல்லூரி. மூன்று வருடமும் அப்படித்தான் போய்வந்தோம்.

நான் எழுதுவதை அந்த ரயிலில்தான் உனக்குப் படித்துக் காட்டுவேன். பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டாய். பிடிக்காவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

வெளிநாட்டில் கதை எழுதும் கலையைப் படிக்க உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "கதை எழுதறதுக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம் போவணும்?" என்றார் அப்பா. நீதான் வந்து பதில் சொன்னாய். "நைனா, துபாய்ல கம்பெனி வேலைன்னா அனுப்ப மாட்டீங்களா? இதுவும் வேலைதான். போவட்டும், வுடுங்க."

வட இங்கிலாந்தில், கடலே இல்லாத ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் வாரம் ஒருவர் கதையை எல்லோரும் படித்துவந்து பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. என் முறைக்கு உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். மாமல்லபுரம் கரையில் அவர் மீன் கூடையைத் தலையில் ஏற்றப் போன நேரம், ஒரு வெள்ளைக்காரர் கேமராவை நீட்டினார். நீ குறுக்கே போய் நின்று, பாதி ஆங்கிலத்திலும் பாதி கைச்சாடையிலும், "இந்தக் கூடைய பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிக்கினு வா. அப்புறம் எத்தினி போட்டோ வேணாலும் எடு" என்றாய். மனிதர் தூக்கிவிட்டார். மீன் தண்ணீர் கழுத்து வழியே இறங்கிச் சட்டையெல்லாம் நனைந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் போட்டோவை மறந்து சிரித்துக்கொண்டே நின்றார். உன் அம்மா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. "இவ்வளவு கஷ்டத்தில் இருப்பவர்கள் இப்படி வேடிக்கை பேசுவார்களா?" என்றான் ஒருவன். "சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வலியைக் காட்டு" என்றார் பேராசிரியை. நல்லவர், கெடுதலாகச் சொல்லவில்லை. அறைக்கு வந்து உனக்குப் போன் செய்து சொன்னேன்.

"எங்கம்மா அழுதாதான் படிப்பாங்களாமா?"

"அப்படித்தான் போல."

"அப்ப படிக்க வேணாம்னு சொல்லு. அன்னிக்கு நாம சிரிச்சோமா இல்லியா?"

"சிரிச்சோம்."

"அத்த எழுது. வேற இன்னாத்துக்கு அங்க போய்க் குந்திக்கினு கீற?"

நான் ஒரு வரியும் மாற்றவில்லை. அந்தக் கதையே நாவலாக வளர ஆரம்பித்தது. நடுவில் நீதான் இருந்தாய்.

பனி கொட்டிய ஒரு காலையில் உன் அண்ணன் கூப்பிட்டார். ஹோட்டல் வேலைக்கு ஸ்கூட்டியில் கிளம்பிய உன்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேன் இடித்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள போய்ட்ச்சும்மா" என்றார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றும் அவரே சொன்னார். சமையலறைக்குப் போய், எதற்கென்று தெரியாமல் பாத்திரங்களைக் கழுவினேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

சில நாள் கழித்து வகுப்புக்குப் போனபோது பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உன் நாவலின் முடிவு இதுதான் என்று தோன்றுகிறது. மனம் தேறியதும் எழுது. யாராலும் மறக்க முடியாத புத்தகமாகிவிடும்."

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்தச் சாலையை எழுத உட்கார்ந்தேன். வேன் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். அதை எழுதினால், அதுவரை நீ பேசியது, வம்புக்குப் போனது எல்லாமே அந்த வேனுக்காகக் காத்திருந்ததுபோல் ஆகிவிடும். கூடை தூக்கியவரின் சிரிப்பைக்கூடப் பரிதாபத்தோடுதான் படிப்பார்கள். நீ செத்துப்போனதால் உன் வாழ்க்கை சோகக்கதை ஆகிவிடுமா?

மறுநாள் பேராசிரியையிடம் போய், "என் புத்தகத்தில் அவள் சாக மாட்டாள்" என்றேன்.

"நீ தப்பித்து ஓடுகிறாய் என்று படிப்பவர்கள் நினைக்கலாம்."

"நினைத்துக்கொள்ளட்டும்."

சொன்ன பிறகுதான், இவ்வளவு வெடுக்கென்று நான் யாரிடமும் பேசியதில்லை என்று உறைத்தது. "சரி, எழுது" என்றார் அவர்.

இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். இன்று புதுப்பட்டினம் போனேன். உன் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து, குளித்து, எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டதும், ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். கூடைக் கதை வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, கதையில அவ கடைசி வரைக்கும் உயிரோடதான் இருக்கா. எழுதலாமா?"

நான் சாப்பிட்ட தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இன்னா பண்றா அதுல?"

"வேலைக்குப் போறாம்மா. மேனேஜர்கிட்ட சண்டை போடுறா."

"இன்னாத்துக்கு?"

"லீவு தரலன்னு."

"போடட்டும்" என்றார். "சும்மா கேட்டா எவன் குடுக்கறான்? நல்லா போடட்டும்."

அந்தச் சொல்லோடுதான் அடுத்த வாரம் விமானம் ஏறுகிறேன். எழுத வேண்டியது இன்னும் பாதி இருக்கிறது. நீ லீவு வாங்காமல் அடுத்த அத்தியாயம் முடியாது.