ஜனனக் கணக்கில் இல்லாதவன்

7 ஜூன் 1939, கோச்சடை

மாமன் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நிம்மதியாக எழுதலாம்.

இன்று ராஜாராமன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. இருபத்தெட்டாம் தேதி சென்னையில் எங்கள் இரண்டு பேருக்கும் வைத்தியக் கல்லூரி இண்டர்வியூ. இண்டர்மீடியட்டில் அவனுக்கு என்னைவிடப் பதினோரு மார்க்கு கூட. இருக்கட்டும். தவளையை அறுக்கச் சொன்னால் கை நடுங்குகிறவன் அவன்தான்.

கமிட்டித் தலைவராக உட்கார்ந்தது அவன் தங்கை ஸ்யாமளா. வயது பதின்மூன்று. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழே தெரியாத துரை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஒய் டாக்டர்?" என்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "போதும், தூக்கம் வரது" என்றாள். அடுத்த கேள்வி: "உங்க மூக்குல என்ன ஓட்டை?"

ராஜாராமன் அவள் தலையில் குட்டினான். என் வலது மூக்கில் குழந்தையில் குத்திய துளை தூர்ந்துபோய் வடுவாக நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்காக எத்தனை பேரை அடித்திருக்கிறேன்! "வேண்டுதல்" என்றேன். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பள்ளியில் ஜெயக்கொடி, வீட்டில் மூக்கன். அதற்கும் இந்த ஓட்டைதான் காரணம்.

ராஜாராமனின் அம்மா அகிலாண்டத்தம்மாள் காபி கொடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் வெள்ளித் தம்ளர், எனக்குக் கண்ணாடித் தம்ளர், அதுவும் நிலைப்படி ஓரத்தில். காபி பிரமாதமாக இருந்தது. அதனால் கோபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

10 ஜூன்

சென்னையிலிருந்து வந்த காகிதத்தை இன்னொரு தரம் படித்தேன். ஜனனப் பதிவின் நகல், முத்திரையோடு, கையில் கொண்டுவர வேண்டுமாம். அக்டோபர் முதல் தேதிக்குள் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டுமாம். எனக்குப் பதினெட்டு. அதில் ஒன்றும் கவலையில்லை. திங்கட்கிழமை ஊருக்குப் போய்க் கிராம முன்சீபிடம் வாங்கிவிட வேண்டும்.

12 ஜூன், ஊர்

நான் செத்துப்போயிருக்கிறேன்.

எழுதிப் பார்த்துவிட்டேன். அப்படியும் விளங்கவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

வாடிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே முன்சீப் சிவனாண்டி மாமா வீட்டுக்குப் போனேன். ஊர்ப் பிறப்பு இறப்புக் கணக்கெல்லாம் அவர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. "வா மாப்ள, டாக்டரே!" என்று தூசியைத் தட்டி 1921ஆம் வருஷக் கட்டைப் பிரித்தார். மார்ச் 11. காளை, ஒச்சாயி, ஆண் குழந்தை. என் பள்ளிச் சர்டிபிகேட்டில் இருக்கிற அதே தேதி. சரி, வேலை முடிந்தது என்று எழுந்தேன்.

பக்கத்தில் கிடந்த மரணக் கட்டை நான்தான் சும்மா புரட்டினேன். ஏன் புரட்டினேன்? கை சும்மா இருக்காதே எனக்கு. அதே வருஷம், டிசம்பர் 20. "ஜெயக்கொடி, ஆண், ஒன்பது மாதம், தகப்பன் காளை. பேதி."

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். திரும்பவும் துடைத்தார். "அட, இதென்னடா கூத்து?" என்றார். ஊரில் வேறு காளை, வேறு ஒச்சாயி கிடையாது. 1922ஐப் பிரித்தோம். 23, 24, 25. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததாக ஒரு வரி இல்லை.

அப்படியென்றால் நான் யார்? இந்த நோட்டு அட்டையில் யார் பேரை எழுதி வைத்திருக்கிறேன்?

மாமாதான் முதலில் சுதாரித்தார். "இந்தா பாரு மாப்ள. பெறந்த கட்டு வேற, செத்த கட்டு வேற. நீ கேட்டது பெறந்ததை. நான் எழுதி சீல் வச்சுத் தாரேன். பேசாமப் போ" என்றார்.

13 ஜூன்

நேற்று வீட்டுக்கு வந்து கேட்டேன். கேட்டேனா? கத்தினேன். அய்யா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அதுக்கென்ன இப்ப? அவன்தான் நீ. போனவன் திரும்பி வந்துட்டான். அம்புட்டுத்தான்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்! போன பிள்ளையே திரும்பி வந்தான், அதனால் அதே பேர், அதே தேதி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிறந்த தேதி கேட்டபோது பெட்டியில் இருந்த பழைய ஜனனச் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். ஒரே பிள்ளைக்கு எதற்கு ரெண்டு சீட்டு? மறுபடியும் எமன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் கணக்கில் எழுதவில்லையாம். குப்பையில் உருட்டி, மூக்கைக் குத்தி, மூக்கன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டுதலாவது மண்ணாவது.

ஆத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவனுக்கு எடது தொடையில மச்சம் சாமி. ஒனக்கும் அதே எடம்" என்றாள். அவன் போனபோது அழுதாயா என்று கேட்டேன். "அழுதா வர மாட்டான்னு சொன்னாக. நான் அழுகலையே. அதான் வந்துட்டே" என்றாள்.

நான் பிறந்தது எப்போது என்றேன். மறு வருஷம், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அதாவது 1922, டிசம்பர் முதல் வாரம். விரல் விட்டு எண்ணினேன். அக்டோபர் முதல் தேதிக்கு எனக்குப் பதினாறு வருஷமும் பத்து மாதமும். இரண்டு மாதம் குறைகிறது. ரெண்டே ரெண்டு மாசம்!

15 ஜூன்

நகல் வந்துவிட்டது. முத்திரை அழகாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

18 ஜூன், கோச்சடை

ராஜாராமனிடம் சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், பாவி.

"அடேய், எங்காத்துல எல்லாருக்கும் ரெண்டு தேதிடா! ஜாதகத்துல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு. என்னை ஒண்ணரை வயசு கொறச்சுன்னா போட்டிருக்கா, கவர்மெண்ட் உத்தியோகத்துல கூட நாள் இருக்கலாம்னு. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டு!"

அவனுக்கு வயசைக் குறைத்தார்கள். சரி. ஆனால் அது அவன் வயசு, அவன் பேர். எனக்கு எது? பதினாறு வருஷமாக ஒரு செத்த பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். ராஜாராமனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பான்.

ஸ்யாமளா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ உங்களுக்கு ஒரு அண்ணா இருந்தாரா?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

23 ஜூன்

முடிவு செய்தாயிற்று. நகல் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. பேசாமல் போய் உட்கார வேண்டியது. செத்தவனுக்கு இதில் என்ன நஷ்டம்? எங்கள் ஊரிலிருந்து ஒருத்தன் டாக்டராக வேண்டாமா? ஊரே அய்யாவை இப்போதே "டாக்டர் அப்பன்" என்கிறது. சரிதான். சரியேதான்.

பிறகு ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்?

28 ஜூன், சென்னை

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நீள மேஜைக்குப் பின்னால் நாலு பேர். நடுவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், அவர்தான் தலைவர். பேச்செல்லாம் இங்கிலீஷில். என் நகல் அவர் முன்னால் கிடந்தது. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்றார்கள். மூன்று. மலேரியா எப்படிப் பரவுகிறது என்றார்கள். கடகடவென்று சொன்னேன். தலைவர் தலையாட்டினார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஓரத்தில் இருந்த வயதான மெம்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "உங்கள் கிராமத்தில் பிறக்கிற குழந்தைகளில் எத்தனை ஒரு வயது தாண்டுவதில்லை?"

எண்ணிக்கை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே! "எங்கள் வீட்டில் இரண்டில் ஒன்று, சார்" என்றேன்.

"எத்தனை மாதத்தில்?"

"ஒன்பது மாதம். பேதி."

"உனக்கு மூத்ததா, இளையதா?"

"மூத்தவர்."

"எப்போது பிறந்த குழந்தை?"

"1921, மார்ச் 11."

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. பதினைந்து நாளாக அந்தத் தேதியைத்தானே அரைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தை.

"இரட்டைக் குழந்தைகளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறார் மனுஷர்! தலையை ஆட்டியிருந்தால் போதும். அப்போது ஆத்தா முகம் வந்தது, அழாமல் உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம். "இல்லை, சார். அந்தத் தேதி அவருடையது. பேரும் அவருடையது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷ் தாறுமாறாகப் போனது. ஒருவரும் திருத்தவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படவில்லை. "இரண்டு மாதம் குறைகிறது. விதி விதிதான். உன் சொந்தக் காகிதத்தோடு அடுத்த வருஷம் வா" என்றார். நகலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே ராஜாராமன் நின்றான். "ரெட்டைன்னு சொல்லித் தொலைச்சிருக்கப்படாதாடா, மண்டு!" என்று கத்தினான். பிறகு ஓட்டலுக்கு அழைத்துப் போய், என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தன் இட்லியில் பாதியை என் இலையில் வைத்தான். வெளியூர் என்பதால் வந்த தைரியமா? தெரியவில்லை. சாப்பிட்டேன்.

1 ஜூலை, ஊர்

சொல்லிவிட்டேன். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். "பெத்த பிள்ளையைச் செத்தான்னு சொல்லிட்டு வந்திருக்கான் பாரு, சென்னப் பட்டணம் வரைக்கும் போயி!" என்றார். டாக்டர் ஆகாமல் போனது அவருக்கு ரெண்டாம்பட்சம். அதுதான் எனக்கு அதிர்ச்சி. நான் அடி வாங்கத் தயாராக வந்தது வேறு ஒன்றுக்கு.

ஆத்தா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

5 ஜூலை

ஆத்தா பேசவில்லை. சோறு போடுகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் என்ன செய்துவிட்டேன்? உண்மையைத்தானே சொன்னேன்? ஒரு உண்மையைச் சொல்லி என் வருஷமும் போச்சு, ஆத்தாளும் போச்சு.

9 ஜூலை

என் பேரில் ஜனனம் பதிய வேண்டுமானால் தாசில்தாருக்கு மனுப் போட வேண்டுமாம். பெற்றவளே வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்கிறார் சிவனாண்டி மாமா. ஆத்தாளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

17 ஜூலை

ராஜாராமனுக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் போட்டிருக்கிறான். சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். வயிறு எரிகிறது, அதுவும் நிஜம்.

அடியில் ஸ்யாமளா ஒரு வரி எழுதியிருக்கிறாள்: "உங்க அம்மாகிட்ட அந்தப் பாப்பாவைப் பத்திக் கேட்டேளா?" இல்லை. மச்சத்தைத் தவிர அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

18 ஜூலை

கேட்டேன். ஆத்தா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். "அவன் எப்படி இருப்பான்?" என்றேன். குழவியை ஒதுக்கி வைத்துவிட்டு, "சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும்" என்றாள். எனக்குக் கன்னத்தில் குழி விழாது.

21 ஜூலை

காலையில் ஆத்தாளே புறப்பட்டு நின்றாள், தலைசீவி, நல்ல சேலை கட்டி. "முன்சீப் வீட்டுக்கு வாரேன், நடடா" என்றாள். அய்யாவும் பின்னால் வந்தார்.

சிவனாண்டி மாமா காகிதத்தை விரித்தார். "மொத்தம் எத்தனை பிள்ளை பெத்தே, ஒச்சாயி?"

"ஒண்ணு" என்றார் அய்யா. ஆத்தா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ரெண்டு. மூத்தவன் தங்கல. இவன் சின்னவன்."

மாமா எழுதினார். அடுத்து, பிள்ளை பேர் என்ன போடட்டும் என்றார். பள்ளிக்கூடக் காகிதத்தில் எல்லாம் ஜெயக்கொடி, வேறு பேர் போட்டால் மறுபடி வம்பு என்றேன். ஆத்தா எழுந்துவிட்டாள்.

"அது அவன் பேரு. அவனைக் கேக்காம எப்படிப் போடுறது?"

முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆத்தா விறுவிறுவென்று எங்கள் புன்செய்க் காட்டுக்கு நடந்தாள். கீழ்க் கோடியில், உடைமரத்தை அடுத்த வரப்பில் போய்க் குந்தினாள். அவனைப் புதைத்தது அங்கேதானாம்; கல் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. எத்தனை தரம் அந்த வரப்பை மிதித்து ஓடியிருக்கிறேன்! ஆத்தா மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏய்யா செயக்கொடி, தம்பி வந்திருக்கான்யா. படிக்கப் போகணுமாம். ஒம் பேரைக் கேக்குறான். குடுத்துருப்பா."

அப்புறம் அழுதாள். வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, நேற்றுச் செத்த பிள்ளைக்கு அழுகிற மாதிரி அழுதாள். அய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நீயும் கேளுடா" என்றாள்.

எங்கள் வீட்டில் நான் ஒருத்தரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அண்ணே" என்றேன்.

பிறகு மூன்று பேரும் முன்சீப் வீட்டுக்குத் திரும்பி நடந்தோம்.